ஊர் கூடி எழுப்பிய நூலகம்: யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு

யாழ்ப்பாணம் அச்சுக்கும் படிப்புக்கும் பஞ்சமில்லாத ஊர். 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமாரின் செமினரி தொடங்கியது. 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்தது. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அச்சியந்திரமும் வந்தது. இத்தனை இருந்தும் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகள் வரை புத்தகங்கள் வசதியுள்ளவர் வீட்டு அலுமாரிகளிலோ கல்லூரி நூலகங்களிலோதான் இருந்தன. கல்லூரியை விட்டு வெளியேறிய ஒருவர், சம்பளக்காரரோ கடைச் சிப்பந்தியோ, மாலையில் போய் உட்கார்ந்து நாலு பக்கம் வாசிக்க நகரத்தில் பொதுவான இடமென்று ஒன்று இல்லை.

அந்தக் குறையைத் தன் குறையாக எடுத்துக்கொண்டவர் க. மு. செல்லப்பா. நீதிமன்றத்தில் சக்கடத்தாராக இருந்தவர். பெரிய நிலபுலனோ பட்டமோ பின்னால் இல்லாத ஓர் உத்தியோகத்தர். 1933இல் தம் வீட்டிலேயே நூல்களைச் சேர்த்து, கேட்டு வருவோருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். புத்தகத்தை இரவல் கொடுத்தவர் எவருக்கும் அதிலுள்ள மனக்கஷ்டம் தெரியும். செல்லப்பா அத்துடன் நிற்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், யாழ்ப்பாணத்துக்கு ஒரு மத்திய இலவசத் தமிழ் நூலகம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வேண்டுகோளை அச்சிட்டு ஊர்ப் பெரியவர்களிடையே சுற்றுக்கு விட்டார். தமிழ் நூலகத்துக்கான வேண்டுகோள் ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டியிருந்த காலம் அது.

வேண்டுகோளுக்குப் பலன் கிடைத்தது. 1934 ஜூன் 9ஆம் திகதி நகரப் பிரமுகர்கள் கூடி நூலகம் அமைப்பதற்கென ஒரு குழுவைத் தெரிவு செய்தனர். நீதித்துறையிலும் சமயப் புலமையிலும் பெயர்பெற்ற ஐசாக் தம்பையா போன்றோர் முன்னின்றனர். செல்லப்பா செயலாளர் பொறுப்பை ஏற்றார். அந்தக் குழுவில் கிறிஸ்தவரும் சைவரும் சேர்ந்திருந்ததை இன்றைய வாசகர் கவனிக்க வேண்டும். பாடசாலை கட்டுவதில் ஒருவரோடு ஒருவர் போட்டியிட்ட இரு தரப்பாரும் நூலகம் என்று வந்தபோது ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

சேர்ந்த பணம் 1,184 ரூபா 22 சதம். அந்த இருபத்திரண்டு சதத்தையும் விடாமல் பதிந்து வைத்த கணக்கே அந்தச் செயலாளரின் குணத்தைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பணத்தைக் கொண்டு 1934 ஓகஸ்ட் 1ஆம் திகதி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய அறையில் நூலகம் திறக்கப்பட்டது. அன்று அங்கு இருந்தவை 844 நூல்களும் முப்பது வரையிலான பத்திரிகை, சஞ்சிகைகளும்.

தனியார் முயற்சி என்ற நிலையில் நூலகம் ஐந்து மாதங்களே இருந்தது. 1935 ஜனவரி 1ஆம் திகதி நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. தாம் சேர்த்ததைத் தம் பெயரிலேயே வைத்திருக்க வேண்டுமென்று நிறுவியவர்கள் நினைத்திருந்தால், இது இன்னொரு குடும்ப நூலகமாக இரண்டு தலைமுறையில் கறையானுக்குப் போயிருக்கும். சபையிடம் ஒப்படைத்ததால் வரிப்பணத்திலிருந்து நிலையான வருவாயும், சம்பளம் பெறும் ஊழியரும், கேள்வி கேட்கும் உரிமையுள்ள வாசகரும் நூலகத்துக்குக் கிடைத்தனர். 1936இல் நகர மண்டபத்துக்கும் வாடிவீட்டுக்கும் அண்மையிலிருந்த ஒரு கட்டடத்துக்கு நூலகம் மாறியது. சந்தா கட்டி அங்கத்தவரானோர் நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல, மற்றையோர் இருந்து வாசித்தனர்.

நாற்பதுகளைப் பற்றி எழுத அதிகமில்லை. போர்க்காலத் தட்டுப்பாடுகளுக்கு இடையே நூலகம் தொடர்ந்து நடந்தது, நூல்கள் கூடின, இடம் கூடவில்லை. அந்தத் தசாப்தத்தின் கடைசி ஆண்டில் ஒரு முக்கிய மாற்றம் வந்தது. 1949இல் யாழ்ப்பாணம் மாநகரசபையாகத் தரமுயர்ந்தது. முதல் மாநகர முதல்வராக வந்த சாம் சபாபதி, நூலகத்துக்குத் தனிக் கட்டடம் வேண்டும் என்பதைத் தம் பதவிக்காலத்தின் தலையாய வேலையாகக் கொண்டார்.

ஐம்பதுகள்தான் இந்த வரலாற்றின் நடுநாயகம். அக்காலத்தில் ஒரு மாநகரசபை தன் வருவாயை மட்டும் நம்பி அத்தகைய கட்டடத்தை எழுப்ப முடியாது. எனவே ஊரிடமே கேட்பதென்று முடிவாயிற்று. கேட்ட விதமும் நம்மூருக்கு ஏற்ற விதம்: கார்னிவல் நடத்தினார்கள், லொத்தர் விற்றார்கள். தென்னிந்தியாவிலிருந்து இசைக் கலைஞர்களும் ஆடற்கலைஞர்களும் அழைக்கப்பட்டனர். கோயில் திருவிழாச் சின்னமேளத்துக்கும் கூத்துக்கும் விடிய விடியக் கண்விழித்துப் பழகிய சனம், நூலகக் கார்னிவலுக்கும் டிக்கற் எடுத்துத் திரண்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்தான் கூட. நூலகத்துக்கென்று வந்தவர் குறைவாகவே இருந்திருக்கலாம். அதனால் என்ன? காசு நூலகத்துக்குத்தானே போனது. லொத்தர் வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குப் பரிசு விழுந்திராது. அவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவுமில்லை. இந்த மலரில் நிறுவுநர் வரிசையை எழுதும்போது அவர்களையும் அதில் சேர்த்தே எழுதுகிறோம்.

1953இல் நூலக சபை அமைக்கப்பட்டது. அதில் அங்கத்தவராக இருந்த லோங் அடிகளாரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் பிறந்து, இங்கு வந்து, புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக நீண்ட காலம் பணியாற்றியவர். தம் கல்லூரிக்குக் கட்டடம் கட்டப் பணம் திரட்டிய அனுபவம் அவருக்கு இருந்தது. யாரிடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்ற நெளிவுசுளிவு தெரிந்தவர். அந்தத் திறமையைத் தம் சபைக்கோ சமயத்துக்கோ உரியதாக வைத்துக்கொள்ளாமல், முகப்பில் சரஸ்வதி வீற்றிருக்கப்போகும் ஒரு கட்டடத்துக்காகச் செலவிட்டார். நூலக வளவில் அவருக்குச் சிலை வைத்தது ஊர் தீர்த்த கடன்.

நூலகம் எப்படி அமைய வேண்டும் என்று ஆலோசனை கூற எஸ். ஆர். இரங்கநாதன் அழைக்கப்பட்டார். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து, 1931இல் நூலகவியலுக்கென ஐந்து விதிகளை வகுத்து உலகெங்கும் அறியப்பட்டவர். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அவற்றில் முதலாவது. பூட்டிவைத்துக் காப்பதே நூலகரின் கடமை என்று நம்பியிருந்த காலத்தில் அது ஒரு கலகக்குரல். கட்டட வரைபடத்தைச் சென்னை அரசின் கட்டடக் கலைஞரான நரசிம்மன் வரைந்தார். திராவிடக் கட்டடக்கலையில் தேர்ந்த அவர் கையால் உருவானதுதான், கோட்டையையும் முற்றவெளியையும் நோக்கி நிற்கும் அந்த வெண்ணிறக் கட்டடமும் அதன் நடுக் குவிமாடமும்.

1954 மார்ச் 29ஆம் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. சாம் சபாபதியும் லோங் அடிகளாரும் வெளிநாட்டுத் தூதுவர்களும் கல்வைத்தனர். பணம் வரும்போது வேலை நடந்தது, வராதபோது நின்றது. இப்படியே ஐந்தரை ஆண்டுகள் கழிந்தன. 1959 ஒக்டோபர் 11ஆம் திகதி, அப்போதைய முதல்வர் அல்பிரட் துரையப்பா நூலகத்தைத் திறந்துவைத்தபோது கட்டடம் முற்றாக முடிந்திருக்கவில்லை. எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை மாணவர் வாசிக்காமலே வளர்ந்திருப்பர். முடிந்த பகுதியில் வாசகரை இருத்திவிட்டு மீதியைக் கட்டியதே சரியென்று பிற்காலம் காட்டியது.

அறுபதுகளும் எழுபதுகளும் நூலகம் பகுதி பகுதியாக நிறைந்த காலம். 1967 நவம்பர் 3ஆம் திகதி சிறுவர் பகுதி திறக்கப்பட்டது. 1971இல் அரங்கம் முடிந்தது. நூல் வெளியீடும் இலக்கியக் கூட்டமும் நூலகத்தின் கூரைக்குக் கீழேயே நடக்க வழி பிறந்தது. இரவல் பகுதி, உசாத்துணைப் பகுதி, பத்திரிகைப் பகுதி என்று ஒவ்வொன்றும் தனித்தனி இயல்போடு வளர்ந்தது. பத்திரிகைப் பகுதியில் பென்சனியர்கள். உசாத்துணைப் பகுதியில் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். வீட்டில் மின்விளக்கோ தனி மேசையோ இல்லாத எத்தனையோ மாணவருக்கு அந்த நீள மேசைகள்தான் படிப்பறை. அவர்களில் பலர் பின்னர் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் கடல் கடந்து போனார்கள்.

நூற்செல்வமும் அப்போதுதான் பெருகியது. ஆசியா பவுண்டேசன் நூல்கள் அளித்தது. அறிஞர்கள் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த தொகுதிகள், அவர்களுக்குப் பின் பிள்ளைகள் கையால் இங்கு வந்தன. ஆனந்த குமாரசுவாமியின் தொகுதி, ‘பண்டைய யாழ்ப்பாணம்’ பற்றி ஆங்கிலத்தில் எழுதிய முதலியார் செ. இராசநாயகத்தின் தொகுதி, ஐசாக் தம்பையாவின் தொகுதி என்று அந்த வரிசை நீண்டது. ஓலைச்சுவடிகளும், உள்ளூர் அச்சகங்களில் சில நூறு பிரதிகள் மட்டும் அச்சாகி வேறெங்கும் கிடைக்காமல் போன சிறு நூல்களும், பழைய பத்திரிகைக் கோவைகளும் வந்து சேர்ந்தன. வீட்டில் வைத்திருந்தால் கறையான் தின்றுவிடும், நூலகத்தில் பத்திரமாக இருக்கும் என்று நம்பித்தான் அந்தக் குடும்பங்கள் கொடுத்தன.

1981இல் நூலகத்தில் இருந்த நூல்களும் சுவடிகளும் ஏறத்தாழ 97,000.

அவ்வாண்டு ஜூன் 4இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடக்கவிருந்தது. மே 31ஆம் திகதி நடந்த ஒரு தேர்தல் கூட்டத்தில் பொலிஸார் சுடப்பட்டதை அடுத்து, பொலிஸாரும் சிவில் உடையில் வந்தோரும் நகருக்குள் புகுந்து தீவைத்தனர். கடைகள், பூபாலசிங்கம் புத்தகசாலை, ஈழநாடு பத்திரிகை அலுவலகம், யாழ்ப்பாணப் பாராளுமன்ற உறுப்பினர் வெ. யோகேஸ்வரனின் வீடு எல்லாம் எரிந்தன. அந்த நாட்களிலேதான் ஓர் இரவில் பொது நூலகமும் எரிக்கப்பட்டது. பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்ட மொழியியல் அறிஞர் தாவீது அடிகள் அதிர்ச்சி தாங்காமல் உயிர்நீத்தார். செல்லப்பா வீட்டிலிருந்து தொடங்கிய அரை நூற்றாண்டு உழைப்பு ஓரிரவில் போயிற்று. அச்சு நூல்களை மீண்டும் வாங்கலாம். சுவடிகளையும், ஒரே பிரதியாக இருந்தவற்றையும் எந்தப் பணமும் திருப்பித் தராது.

அந்த எரிப்பைப் பற்றி எம். ஏ. நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையை எழுதினார். நூலகம் எரிந்தால் நூலாகவே பதில் சொல்லும் ஊர் என்று பெருமைப்படலாம். ஆனால் அப்போது ஊர் உடனே செய்தது கவிதையைவிடச் சாதாரணமான காரியம்: மறுபடியும் காசு சேர்க்கத் தொடங்கியது. உள்ளூரிலும் வெளியூரிலும் வெளிநாடுகளிலும் நிதி திரட்டப்பட்டது. பிரதிகள் இரண்டு வைத்திருந்தவர் ஒன்றைக் கொடுத்தார். ஒன்றே வைத்திருந்தவர்களிலும் சிலர் அதைக் கொடுத்தார்கள். கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா வரைந்த திட்டப்படி கட்டட வேலை நடந்து, 1984 ஜூனில் நூலகம் மீண்டும் வாசகருக்குத் திறந்தது.

எரிந்து மூன்றே ஆண்டுகளில் எழுந்து நின்ற நூலகத்துக்கு அடுத்த சோதனை அது நின்ற இடத்தாலேயே வந்தது. எதிரே கோட்டை, கோட்டைக்குள் படைமுகாம். 1985க்குப் பின் மோதல்கள் மூண்டபோது நடுவில் அகப்பட்ட கட்டடங்களில் நூலகமும் ஒன்று. ஷெல் விழுந்து கூரை போயிற்று. சுவர்களெங்கும் சன்னம் பட்ட துளைகள். ஊழியர்கள் எடுக்க முடிந்த நூல்களை எடுத்துக்கொண்டு நகரின் உட்பகுதிகளுக்கு நகர்ந்து, கிடைத்த இடங்களில் சேவையைத் தொடர்ந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது நகரமே வெறிச்சோடியது. மழைக்குள் நடந்த அந்தச் சனத்தில் தோள்பையில் புத்தகம் வைத்திருந்த பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை அந்த வீதியில் நடந்தவர்கள் அறிவார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு விவாதம் எழுந்தது. எரிந்த கட்டடத்தை நினைவுச் சின்னமாக அப்படியே விட்டுவிட்டுப் புதிய நூலகத்தை வேறிடத்தில் கட்டவேண்டும் என்றனர் ஒரு சாரார். பழைய வடிவிலேயே அதே இடத்தில் எழுப்பவேண்டும் என்றனர் மற்றவர்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. கடைசியில் 1998இல் அரசு, பழைய தோற்றத்திலேயே கட்டடத்தை மீளக் கட்டும் பணியைத் தொடங்கியது. அதையொட்டி ‘வெண்தாமரை’ இயக்கம் நாடெங்கும் ஒரு செங்கல்லும் ஒரு புத்தகமும் கேட்டது. தெற்கிலிருந்து, நம்மொழி தெரியாத வீடுகளிலிருந்தும் அவை வந்தன. இதை அரசியல் என்று ஒதுக்கியவர் உண்டு. அரசின் நோக்கம் எதுவாயினும், அநுராதபுரத்திலோ காலியிலோ ஒரு பாடசாலைப் பிள்ளை தன் பங்குக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்திருந்தால் அது கொடைதான் என்பது இம்மலர் எழுதுவோரின் கருத்து. வெளிநாடுகளின் உதவியும் சேர்ந்து, ஏறத்தாழப் பத்து லட்சம் அமெரிக்க டொலர் செலவில் வேலை நடந்தது. 25,000க்கு மேற்பட்ட நூல்கள் சேர்ந்தன. 2001 அளவில் கட்டடம் முடிந்தது. 2003இல் குறிக்கப்பட்ட திறப்பு விழா நடைபெறவில்லை. மேளதாளமின்றி நூலகம் வாசகருக்குத் திறந்துவிடப்பட்டது. விழா இல்லாவிட்டாலும் வாசகர் வந்தனர். நூலகத்துக்கு அது போதும்.

அதன்பின் வந்த இருபது ஆண்டுகளில் நூலகம் தன் வழமைகளை ஒவ்வொன்றாக மீட்டெடுத்தது. முகப்பில் வெண்ணிறச் சரஸ்வதி. வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது வழக்கம். அதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, படிக்கட்டில் கிடக்கும் வரிசையே சொல்லிவிடும். ஆண்டின் நடை ஒழுங்கும் திரும்பியது. நவராத்திரி வரும், ஒக்டோபர் முழுவதும் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கட்டுரை, பேச்சு, வாசிப்புப் போட்டிகள், கண்காட்சிகள், புதிய அங்கத்தவர் சேர்ப்பு என்று அந்த மாதம் சிறுவர் பகுதியில் கால்வைக்க இடமிராது. சாதாரண தரப் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் நெருங்கும் மாதங்களில் கடந்தகால வினாத்தாள்களுக்குக் கிராக்கி. புலம்பெயர்ந்தோர் விடுமுறைக்கு வரும் ஆடி, ஆவணியில், நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்து நூலகத்தையும் தம் பிள்ளைகளுக்குக் காட்ட வருகிறார்கள்; வெறுங்கையோடு வருபவர் குறைவு. லண்டனிலும் டொரொன்டோவிலும் அச்சான தமிழ் நூல்கள் அலுமாரியேறியது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

போர் முடிந்தபின் நூலகத்தைக் காண வந்த பிரமுகர்களின் வரிசையும் நீண்டது. 2013 நவம்பரில் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரோன் வந்தார். இந்தியத் துணைத்தூதரகத்தின் ஆதரவில் இந்தியப் பகுதி அமைந்தது. பக்கத்து நிலத்தில் இந்திய உதவியுடன் கலாசார மண்டபம் எழுந்தது. 2016 டிசம்பரில் பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்க நூலக எரிப்புக்காகப் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் நூலகத்தின் மேம்பாட்டுக்கென 100 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. மின்னூலகப் பணியும் தொடங்கப்பட்டது.

எண்ணிமப் பணியில் தனி முயற்சிகள் முந்திக்கொண்டன என்பதையும் மகிழ்ச்சியோடு பதிய வேண்டும். ஈழத்து எழுத்து இனி ஒரே கட்டடத்தில் மட்டும் இருக்கக்கூடாது என்ற பாடத்தை எரிப்பிலிருந்து கற்ற இளைஞர்கள், 2005இல் நூலகம் என்ற பெயரிலேயே ஓர் எண்ணிம ஆவணகத்தைத் தொடங்கினர். பல்லாயிரக்கணக்கான ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் இன்று அங்கே எவரும் பார்க்கக் கிடைக்கின்றன. எரிந்துபோன சில வெளியீடுகளின் இன்னொரு பிரதி யாரோ ஒருவரின் பரணில் இருந்து வெளிவந்த கதைகளும் உண்டு.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் 1981க்கு முந்திய எதுவும் இருந்தால், அது பெரிய நூலாக இருக்கவேண்டியதில்லை. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், சனசமூக நிலைய வெள்ளிவிழா மலர், நாடக நோட்டீஸ், அந்தியேட்டிக் கல்வெட்டு, உள்ளூர் அச்சகம் போட்ட பஞ்சாங்கம் எதுவானாலும் கடையில் பழைய பேப்பருக்குப் போடமுன் நூலகத்தாரிடம் ஒருமுறை காட்டுங்கள். கொடுக்க மனமில்லாவிட்டால் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். பெயர், ஊர், ஆண்டு தெரிந்தால் அட்டையின் பின்புறம் பென்சிலால் எழுதிக் கொடுங்கள், பேனையால் வேண்டாம்.